அயலவரும் உரியவரும்: பிற்ஸ்பேர்க் மக்கள் தொலைக்காட்சி நிலையம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

இலக்கியப் படைப்பொன்றை மதிப்பிடும்போது அதனை ஆக்கியவனோடு அதனை ஏற்று நுகரும் மக்களையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும் என்பது விமர்சன உலகிலே இன்று பெரிதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். ஆயின், தொலைக்காட்சி பற்றிய விமர்சனத்திலே இக்கருத்து இன்னும் வேரூன்றவில்லை. நிகழ்ச்சிகள் தனித்தனியே பாராட்டப்படுகின்றன, அல்லது கண்டிக்கப்படுகின்றன. அவற்றை வெளியிடும் நிலையம் யாருடையது, அதற்கு வேண்டிய பணம் எங்கிருந்து வருகின்றது, அதனைப் பார்க்கும் மக்களுக்கும் அதற்கும் உள்ள உறவு எத்தகையது என்னும் வினாக்கள் பொருளியலாளருக்கும் நிர்வாகிகளுக்கும் உரியவை என ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. உண்மையில், திரையிலே தோன்றுவதன் இயல்பைத் தீர்மானிக்கும் காரணிகளுள் இவ்வுறவு முதன்மையானதாகும்.

தொலைக்காட்சி நிலையங்களைப் பொதுவாக மூவகைப்படுத்தலாம். அரசு நடத்துவன ஒரு வகை. விளம்பர வருவாயை நம்பி வணிகர் நடத்துவன மற்றொரு வகை. முதல் வகையிலே பார்வையாளன் ஆளப்படுபவன். இரண்டாம் வகையிலே அவன் விளம்பரகாரருக்கு விற்கப்படும் சரக்கு. இவ்விரண்டினின்றும் வேறுபட்டு, ஓர் ஊரின் மக்கள் தாமே பணஞ் சேர்த்துத் தமக்கென நிறுவிக்கொள்ளும் நிலையம் மூன்றாவது வகையாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பென்சில்வேனியா மாநிலத்துப் பிற்ஸ்பேர்க் நகரில் 1954 ஏப்பிரல் 1ஆம் நாள் 13ஆம் அலைவரிசையில் ஒளிபரப்பைத் தொடங்கிய டபிள்யூ. கியூ. ஈ. டி. நிலையம் இம்மூன்றாம் வகையின் முன்னோடியாகும். பல்கலைக்கழகம் ஒன்றினாலோ கல்விச் சபை ஒன்றினாலோ அன்றி, ஊர் மக்களின் ஆதரவினால் நடத்தப்பட்ட நிலையங்களுள் அந்நாட்டில் அதுவே முதலாவது.

இந்நிலையத்தின் எழுபதாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படுகின்றது. தன்னைப் பார்க்கும் மக்களை அயலவராக வரவேற்பதிலே அது ஒப்புயர்வற்று விளங்கியது. அம்மக்களை நிலையத்துக்கு உரியவராக ஏற்பதிலே தயங்கியது. அதன் நிகழ்ச்சிகளின் சிறப்பும் குறையும் இவ்விரு நிலைகளுக்கும் இடையிலுள்ள தூரத்திலிருந்தே பிறக்கின்றன. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

நிலையம் தோன்றிய சூழலை முதலில் நோக்குதல் தகும். 1948 முதல் புதிய தொலைக்காட்சி அனுமதிகளை நிறுத்தி வைத்திருந்த அமெரிக்க சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு, 1952 ஏப்பிரல் 14ஆம் நாள் அத்தடையை நீக்கியது. அப்பொழுது நாடு முழுவதிலும் 242 அலைவரிசைகள் கல்விக்கென ஒதுக்கி வைக்கப்பட்டன. ஆணைக்குழுவின் முதற் பெண் உறுப்பினரான பிரீடா ஹெனொக் விடாது வாதாடியதன் பயன் இது. வானலை என்பது பொதுச் சொத்து. அதிலே ஒரு பங்கேனும் வணிகத்துக்கு அப்பாற்பட்டிருத்தல் வேண்டும் என்பதே இவ்வொதுக்கீட்டின் அடிப்படைத் தத்துவம். பிற்காலத்துப் போராட்டமொன்றை விளங்கிக்கொள்வதற்கு இத்தத்துவத்தை மனங்கொள்ளுதல் அவசியம்.

பிற்ஸ்பேர்க் அக்காலத்தில் உருக்குத் தொழிலின் தலைநகர். 1950 இல் அதன் குடித்தொகை 676,806. மாநகர முதல்வர் டேவிட் லோரன்ஸ் ஊருக்கு ஓர் அலைவரிசையைப் பெறுவதில் முன்னின்றார். கண்ணாடி உற்பத்தி நிறுவனமொன்றின் உயரதிகாரியான லீலன்ட் ஹசார்ட் நிறுவும் பணிக்குத் தலைமை தாங்கினார். பெருநிறுவனங்களும் அறக்கட்டளைகளும் பெருந்தொகைகளை வழங்கின. அதனோடு, தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று குடும்பத்துக்கு 2 டொலர் வீதம் திரட்டினர். ஆலைத் தொழிலாளியின் வீட்டுக் கதவும் தட்டப்பட்டது. இன்னும் பிறவாத ஒரு நிலையத்துக்காக, விளம்பரம் எதுவும் தராத ஒன்றுக்காக, அவ்வீடுகள் பணம் கொடுத்தன.

நிலையத்தின் பெயரிலுள்ள கடைசி மூன்று எழுத்துக்களும் கேத்திரகணிதத்திலே தேற்றமொன்றின் முடிவில் எழுதப்படும் இலத்தீன் தொடரின் சுருக்கமாகும். நிறுவ வேண்டியது நிறுவப்பட்டது என்பது அதன் பொருள். பெயரளவிலே பொருத்தமானதுதான். ஆயின், தொடக்கத்திலேயே இருவகைப் பணம் அந்நிலையத்தினுள் புகுந்தமை கவனிக்கத்தக்கது. இரண்டு டொலர் கொடுத்தோர் பலர். இலட்சங்கள் கொடுத்தோர் சிலர். ஆட்சிக்குழுவில் அமர்ந்தோர் அச்சிலரும் அவரைச் சார்ந்தோருமே. பலர் கொடுத்த பணம் நிலையத்துக்கு நியாயத்தை அளித்தது. சிலர் கொடுத்த பணம் அதன் ஆட்சியைத் தீர்மானித்தது. நிறுவப்படாது எஞ்சிய பகுதி இதுவே.

3

முதலாண்டுகளின் நிகழ்ச்சிகள் வறுமையிலே பிறந்தவை. வகுப்பறைகளுக்கான பாடங்களும், பாடசாலைப் படிப்பை இடையில் விட்ட வளர்ந்தோர்க்கான பாடங்களும் ஒளிபரப்பாயின. சிறுவர்க்கென 'சிறுவர் மூலை' என்னும் நிகழ்ச்சி தொடங்கிய முதல் வாரத்திலேயே ஆரம்பிக்கப்பட்டது. யோசி கேரி என்னும் பெண்மணி அதனை நடத்த, பிரெட் றொஜர்ஸ் என்னும் இளைஞர் திரைக்குப் பின்னின்று பாவைகளை இயக்கினார். இலவசமாகப் பெற்ற பழைய திரைப்படச் சுருள்கள் அடிக்கடி அறுந்துவிடும். அந்த இடைவெளியை நிரப்புவதற்காகப் பாவைகள் தோன்றிப் பேசலாயின. மணிக்கூட்டுப் பொந்திலிருந்து எட்டிப்பார்க்கும் டானியல் என்னும் புலிப்பாவை, நிலையத்தின் முதல் முகாமையாளரான டொரதி டானியலின் பெயரைத் தாங்கியது. பண வளமின்மை நேருரையாடலுக்கு வழிவகுத்தது என்பது இங்கு கருதத்தக்கது.

கனடாவிலே சில காலம் பணியாற்றி மீண்ட றொஜர்ஸ் பிற்ஸ்பேர்க்கிலே உருவாக்கிய 'மிஸ்ரர் றொஜர்ஸின் அயல்' 1968 பெப்ரவரி 19ஆம் நாள் முதல் நாடளாவிய ஒளிபரப்பாயிற்று. அதன் புதிய நிகழ்ச்சிகளில் இறுதியானது 2001 ஒகஸ்ற் 31ஆம் நாள் வெளிவந்தது. நிகழ்ச்சியின் அமைப்பு மிக எளியது. ஒருவர் வீட்டினுள் வருகின்றார், மேலங்கியைக் கழற்றிக் கம்பளிச் சட்டையை அணிகின்றார், சப்பாத்தை மாற்றுகின்றார், மீன்களுக்கு உணவிடுகின்றார், பார்ப்பவரை அயலவர் என அழைத்துப் பேசுகின்றார். வணிகத் தொலைக்காட்சி விரைவையும் சத்தத்தையும் நம்பியிருந்த காலத்திலே, மௌனத்துக்கும் தாமதத்துக்கும் இடமளித்த இவ்வமைப்பு ஓர் எதிர்க்குரலாக விளங்கியது. சிறுவனை வாங்குபவனாக நோக்காது, அச்சமும் கோபமும் பொறாமையும் உடைய முழு மனிதனாக நோக்கியமையே அதன் அழகியல் எனலாம்.

பார்வையாளர் இந்நிகழ்ச்சியை எவ்வாறு பாதித்தனர் என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். மீன்களுக்கு உணவிடப்பட்டதா என்பதைக் காணவியலாது கவலையுற்ற பார்வையற்ற சிறுமியொருத்தியின் சார்பிலே நிலையத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அதன் பின்னர், உணவிடுவதை வாய்விட்டுச் சொல்வதை றொஜர்ஸ் வழக்கமாக்கிக்கொண்டார். காணும் கலையான தொலைக்காட்சி, காணவியலாத ஒருத்திக்காகத் தன் உருவத்தைச் சற்றே மாற்றிக்கொண்டது. பார்வையாளர் தொகையை எண்ணி விலை பேசும் வணிக நிலையமொன்றிலே இத்தகைய மாற்றம் நிகழ்வது அரிது. ஆயிரம் பேரின் பொருட்டு அன்றி ஒருவரின் பொருட்டுப் படைப்பு வளைந்து கொடுத்தமையே அயல் என்னும் சொல்லுக்கு அந்நிகழ்ச்சி அளித்த மெய்ப்பொருள்.

1969 மே 1ஆம் நாள் செனற் சபையின் உபகுழு முன்னிலையிலே றொஜர்ஸ் அளித்த சாட்சியம் பலரும் அறிந்தது. 1967 நவம்பர் 7ஆம் நாள் ஜனாதிபதி ஜோன்சன் கைச்சாத்திட்ட பொது ஒளிபரப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த கூட்டுத்தாபனத்துக்கு வழங்கவிருந்த 2 கோடி டொலர் அப்போது கேள்விக்குறியாயிருந்தது. எழுதி வந்த உரையை வாசியாது, கோபத்தை அடக்கும் சிறுவன் ஒருவனைப் பற்றிய தன் பாடலின் வரிகளைச் சொல்லி, ஏறத்தாழ ஆறு நிமிடங்களில் அவர் குழுத்தலைவர் ஜோன் பஸ்ரோரின் மனத்தை இளக்கினார். பணமும் கிடைத்தது. இச்சம்பவம் பொது ஒளிபரப்பின் வெற்றியாகவே எங்கும் எடுத்துரைக்கப்படுகின்றது. எனினும், அதன் மறுபக்கம் சிந்திக்கத்தக்கது. மக்களுக்குரிய ஒன்று, அதிகாரத்திலிருந்த ஒருவரின் மனம் இளகியமையாலேயே அன்று தப்பிப் பிழைத்தது.

4

இம்மறுபக்கம் தற்செயலானதன்று. றொஜர்ஸின் கற்பனை உலகிலேயே இது பதிந்து கிடக்கின்றது. நிகழ்ச்சியின் நடுவே சிறு ட்ராம் வண்டியொன்று சென்றடையும் பாவனை நாட்டை ஆள்பவன் வெள்ளிக்கிழமை என்னும் பெயருடைய அரசன். 1968 இல் நாடளாவிய ஒளிபரப்பின் முதல் வாரத்திலேயே, தன் நாட்டிலே மாற்றம் ஏற்படுவதைக் கண்டு அஞ்சிய இவ்வரசன் எல்லையிலே காவலரை நிறுத்துகின்றான். வியட்நாம் போர் உச்சமடைந்திருந்த மாதம் அது. நாட்டவர் சமாதானச் செய்திகளைப் பலூன்களில் கட்டிக் கோட்டைக்குள் மிதக்கவிடுகின்றனர். அரசன் மனம் மாறிக் காவலை விலக்குகின்றான். 1983 நவம்பரில் ஒளிபரப்பான மற்றொரு வாரத்திலே, அயல்நாடு குண்டு செய்கின்றது என ஐயுற்று அவனும் குண்டு செய்யப் பணிக்கின்றான். அயல்நாட்டவர் செய்வது பாலத்துக்கான பாகங்கள் என்பது பின்னர் தெரியவருகின்றது.

அணுவாயுதப் போட்டி உச்சத்திலிருந்த காலத்திலே சிறுவர்க்கு இதனைச் சொல்லும் துணிவு பாராட்டத்தக்கதே. ஆயின், இக்கதைகளின் அமைப்பை நோக்குக. முரண்பாடு எப்போதும் அச்சத்திலிருந்தும் தவறான விளக்கத்திலிருந்தும் பிறக்கின்றது. நலன்களின் மோதலிலிருந்து பிறப்பதில்லை. தீர்வு எப்போதும் ஆள்பவனின் மனமாற்றத்திலே கிடைக்கின்றது. குடிகள் பலூன் அனுப்பலாம். அரசைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. சிறுவரின் உளவளர்ச்சிக்கு இவ்வமைப்பு ஏற்றதெனச் சிலர் வாதிக்கலாம். ஆள்பவனும் தவறிழைப்பான், அதனைச் சிறியோரும் சுட்டிக்காட்டலாம் என உணர்த்துவது சிறிய காரியமன்று. அவ்வாதத்தை மறுக்க வேண்டியதில்லை. எனினும், நிலையத்துக்கும் அதன் மக்களுக்கும் இருந்த உறவை இக்கதை தன்னையறியாமலே பிரதிபலிக்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை. நல்ல மனமுடைய ஆட்சிக்குழு, அன்புடைய அயலவர், இடையே பலூன்கள்: இதுவே அவ்வுறவின் வடிவம்.

5

அயல் என்பதற்கு எல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் யார் அடங்குவர் என்பதே பிற்ஸ்பேர்க் நகரிலே உயிர்நிலையான வினாவாக இருந்தது. அந்நகரின் ஹைலண்ட் பார்க் நீச்சற் தடாகம் 1931 இல் திறக்கப்பட்டபோது, அங்கு நீராட வந்த கறுப்பின மக்கள் தாக்கப்பட்டு விரட்டப்பட்டனர். இந்நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே, நகர மறுமலர்ச்சி என்னும் பெயரில் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஹில் பகுதியின் கீழ்ப்பாகம் இடித்து நிரவப்பட்டது. ஏறத்தாழ 8,000 மக்கள் வீடிழந்தனர். 1961 இல் அவ்விடத்தில் விளையாட்டரங்கு ஒன்று எழுந்தது. திரையிலே அயல் ஒன்று கட்டியெழுப்பப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், தெருவிலே அயல் ஒன்று அழிக்கப்பட்டது. நகரை மறுசீரமைத்த அதே மாநகர முதல்வரும் தொழிலதிபர் குழாமுமே நிலையம் தோன்றுவதற்கும் ஆதாரமாயிருந்தனர் என்பது மறக்கற்பாலதன்று.

1968 ஏப்பிரலில் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டபோது ஹில் பகுதியில் தீ மூண்டது. அவ்வாண்டிலேயே கறுப்பின மக்களின் விவகாரங்களுக்கென 'கறுப்பு அடிவானங்கள்' என்னும் நிகழ்ச்சி இந்நிலையத்தில் ஆரம்பமாகிப் பல தசாப்தங்கள் நீடித்தது. அடுத்த ஆண்டு, றொஜர்ஸின் நிகழ்ச்சியிலே பொலிஸ்காரராக வரும் கறுப்பினப் பாடகர் பிரான்சுவா கிளெமன்ஸ், றொஜர்ஸின் அழைப்பை ஏற்றுச் சிறு நீர்த்தொட்டியொன்றில் அவரோடு காலை நனைத்துக்கொண்டார். நீச்சற் தடாகத்தின் வரலாற்றை அறிந்த ஊரவர்க்கு அக்காட்சியின் பொருள் விளக்காமலே விளங்கியிருக்கும்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்குதல் பயன்தரும். நீர்த்தொட்டிக் காட்சி உலகப் புகழ் பெற்றது. மற்றையது பிற்ஸ்பேர்க்குக்கு வெளியே அறியப்படாதது. முன்னது வெள்ளையர் ஒருவரின் வீட்டு முற்றத்துக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் அழைக்கப்படும் காட்சி, அழைத்தவர் நல்லவர். பின்னதிலே கறுப்பின மக்கள் தம் வீடமைப்பையும் பாடசாலையையும் பொலிசாரையும் பற்றித் தாமே பேசினர். அழைப்பவர், அழைக்கப்படுபவர் என்னும் பேதம் அங்கில்லை. அழகியல் நோக்கிலே முன்னது உயர்ந்ததாகலாம். ஆனால், மக்கள் நிலையம் என்னும் கோட்பாட்டின் வழி மதிப்பிடும்போது பின்னதே அதற்கு நெருங்கியது. அயலவராக வந்தோர் உரியவராகப் பேசிய அரிய சந்தர்ப்பம் அது.

6

1980களில் உருக்காலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1892 இல் தொழிலாளருக்கும் ஆலையதிபரின் கூலிப்படைக்கும் இடையே குருதி சிந்திய மோதல் நிகழ்ந்த ஹோம்ஸ்ரெட் ஆலை 1986 இல் இயக்கத்தை நிறுத்தியது. பல்லாயிரவர் ஊரைவிட்டு அகன்றனர். 1950 இல் ஏழு இலட்சத்தை அண்மித்திருந்த குடித்தொகை 2020 இல் 302,971 ஆகச் சுருங்கியது. இச்சிதைவின் நடுவே, 1987 இல் நிலையத்திலே சேர்ந்த றிக் செபாக் தயாரித்த விவரணப்படங்கள் ஊரவரின் பேரன்பைப் பெற்றன. 'கெனிவூட் நினைவுகள்' 1988 இலும், 'இப்போது இல்லாதவை' 1990 இலும் வெளிவந்தன.

கெனிவூட் என்பது மொனொங்கஹேலா ஆற்றின் மேட்டிலே, எதிர்க்கரையின் உருக்காலையைப் பார்த்தவாறு அமைந்துள்ள கேளிக்கைப் பூங்கா. 1898 இல் ட்ராம் வண்டிக் கொம்பனி ஒன்றினால் தொடங்கப்பட்டது. ஆலைகளின் ஆண்டுச் சுற்றுலாக்களும், ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் வந்து குடியேறிய இனத்தவரின் தனித்தனித் திருநாட்களும் அங்கேயே நடைபெற்றன. செபாக்கின் படங்களிலே மேதாவிகள் வந்து விளக்கமளிப்பதில்லை. பூங்காவிலே வேலை செய்தவர், சிறுவயதில் அங்கு சென்றவர், தன் தாயின் கைப்பிடித்து நடந்ததை நினைவுகூர்பவர் ஆகியோரே பேசுகின்றனர். வீடுகளிலே பேணப்பட்ட பழைய நிழற்படங்களும் சிறுபடச் சுருள்களும் திரையேறுகின்றன. ஊரவரின் பேச்சுவழக்கும் உச்சரிப்பும் திருத்தப்படாது ஒலிக்கின்றன. தேசிய ஒளிபரப்பின் செம்மைப்படுத்தப்பட்ட ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகியோர்க்கு இது புதிய அனுபவம். பார்ப்பவனே படைப்பின் மூலப்பொருளை வழங்குபவனாக மாறும் இம்முறையிலே, மக்கள் நிலையத்தின் கலைவடிவம் ஒன்று உருவானது எனக் கூறலாம்.

ஆயின், இப்படங்களின் வரையறையும் இங்கேயே உள்ளது. 'இப்போது இல்லாதவை' என்னும் தலைப்பே ஒரு நோக்கை உணர்த்துகின்றது. இடிக்கப்பட்ட போர்ப்ஸ் விளையாட்டரங்கும் மூடப்பட்ட வெஸ்ட் வியூ பூங்காவும் அன்போடு நினைக்கப்படுகின்றன. அவை ஏன் இல்லாமற் போயின, யார் தீர்மானித்தனர், அத்தீர்மானத்தால் இலாபமடைந்தோர் யாவர் என்னும் வினாக்கள் மெல்ல ஒதுங்கிவிடுகின்றன. காலம் என்னும் பெயரற்ற சக்தி அனைத்தையும் அள்ளிச் சென்றது போன்ற தோற்றம் உண்டாகின்றது. கேளிக்கைப் பூங்காவின் மறைவும் ஆலையின் மறைவும் ஒரே வகைத் துயரமாகிவிடுகின்றன. ஆலை மூடப்பட்டது காலத்தின் செயலன்று. முதலீட்டை வேறிடத்துக்கு மாற்றியோரின் செயல். இழப்பை நினைவுகூரும் உரிமையை அயலவருக்கு அளித்த படம், இழப்புக்குக் கணக்குக் கேட்கும் உரிமையை அளிக்கவில்லை.

இதனாலே செபாக்கின் படைப்புகள் பயனற்றவை என முடிவுகட்டுதல் அவசர விமர்சனமாகும். ஊரைவிட்டுச் சிதறிச் சென்ற மக்கள் இப்படங்களின் பிரதிகளை வாங்கித் தம் பிள்ளைகளுக்குக் காட்டினர். வேலையும் ஆலையும் போன பின்னரும் தாம் ஓர் ஊரவர் என்னும் உணர்வு அவரிடம் நிலைக்க அவை உதவின. ஒன்றுபட்டு நினைக்கத் தெரியாத மக்கள் ஒன்றுபட்டுக் கேட்கவும் அறியார். நினைவு போராட்டத்துக்கு மாற்றீடாக நின்றுவிடும்போதே அது குறையாகின்றது.

7

கணக்குக் கேட்கும் நாள் பின்னர் வந்தது. நிலையம் 1959 முதல் 16ஆம் அலைவரிசையில் இரண்டாவது சேவையொன்றையும் நடத்தி வந்தது. 1990களில் பெருங்கடனில் ஆழ்ந்த ஆட்சிக்குழு அவ்வலைவரிசையை விற்கத் தீர்மானித்தது. அது கல்விக்கென ஒதுக்கப்பட்டதாகையால் வணிகருக்கு விற்க இயலாது. அவ்வொதுக்கீட்டை நீக்குமாறு 1996 இல் விடுத்த வேண்டுகோள் நிராகரிக்கப்பட்டது. அதன் பின் மும்முனை ஒழுங்கொன்று வகுக்கப்பட்டது: சமய ஒளிபரப்பு நிறுவனமான கோர்னர்ஸ்ரோன், வணிக அலைவரிசையான தன் 40ஐ பக்ஸன் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு 16க்கு மாறும், பக்ஸன் கொடுக்கும் 3 கோடி 50 இலட்சம் டொலரைக் கோர்னர்ஸ்ரோனும் நிலையமும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும்.

பார்வையாளர் ஒரு பகுதியினர் இதனை எதிர்த்தனர். சமூகவியற் பேராசிரியரான ஜெரல்ட் ஸ்ரார் முதலியோர் முன்னின்று நடத்திய இயக்கம், அலைவரிசை ஆட்சிக்குழுவின் சொத்தன்று, மக்களின் சொத்து என வாதிட்டது. பேராசிரியர் இப்போராட்டத்தை 2000 இல் வெளியான தம் நூலிலே விவரித்துள்ளார். எதிர்த்தோர் வணிகரல்லர், நிலையத்தின் பகைவருமல்லர், அதனை நேசித்துப் பார்த்தோர், அதற்குப் பணம் கொடுத்தோர். பலூன் அனுப்புவதை நிறுத்தி ஆணைக்குழுவிடம் மனுச் செய்யத் துணிந்த அயலவர் என அவரை வருணிக்கலாம்.

இவ்வழக்கு நாட்டின் அரசியலையே தொட்டது. தீர்மானத்தை விரைவுபடுத்துமாறு செனற் உறுப்பினரும் ஜனாதிபதி வேட்பாளருமான ஜோன் மக்கெயின் 1999 இறுதியில் ஆணைக்குழுவுக்கு எழுதிய கடிதங்கள் பத்திரிகைகளில் சர்ச்சையாயின. அவ்வாண்டு டிசம்பரில் ஆணைக்குழு மாற்றத்தை அனுமதித்தது. ஆயின் சமயப் பிரசாரம் எவ்வளவு தூரம் கல்வியாகக் கொள்ளப்படும் என்பது பற்றி விதித்த நிபந்தனைகளை ஏற்காது 2000 யனவரியில் கோர்னர்ஸ்ரோன் விலகிக்கொண்டது. 2002 இல் ஒதுக்கீடு நீக்கப்பட்டது. 2010 இல் அலைவரிசை 30 இலட்சம் டொலருக்கு வணிக நிறுவனமொன்றுக்கு விற்பனையாயிற்று. 1 கோடி 75 இலட்சம் பெறுமென ஒருகாலத்தில் எண்ணப்பட்ட பொதுச் சொத்து, அதன் ஆறிலொரு பங்குக்குச் சற்றே கூடிய தொகைக்குக் கைமாறியது.

கடன்பட்ட நிலையம் வேறென் செய்யும் எனக் கேட்கலாம். நியாயமான வினாவே. எனினும், இரண்டு டொலர் கொடுத்த மக்களிடமும் அவரது சந்ததியினரிடமும் இவ்வினாவைக் கூட்டங் கூட்டி முன்வைக்கும் கடப்பாடு எதுவும் ஆட்சிக்குழுவுக்கு இருக்கவில்லை என்பதே இங்கு முக்கியமாகும். அமெரிக்காவின் மக்கள் நிலையங்களிலே ஆண்டுதோறும் நன்கொடை செலுத்துவோர் 'அங்கத்தவர்' எனப்படுகின்றனர். பெரும்பாலான நிலையங்களில் ஆட்சிக்குழுவைத் தெரியும் வாக்கு அவ்வங்கத்தவருக்கு இல்லை. 1978 ஆம் ஆண்டுச் சட்டம் சமூக ஆலோசனைச் சபைகளை அமைக்குமாறு பணித்தது; அவை ஆலோசனை கூறலாம், கட்டுப்படுத்த முடியாது. சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்ட பலூன்கள் என அவற்றைக் குறிப்பிடலாம். நன்கொடை வாரத்திலே நிகழ்ச்சியை இடைநிறுத்தி, நீங்கள் இல்லாமல் நாங்கள் இல்லை எனக் கூறி, கோப்பையொன்றும் பையொன்றும் பரிசாக அனுப்பும் நிலையங்கள், அக்கூற்றின் உண்மையான பொருளைத் தம் யாப்பிலே எழுத அஞ்சின.

8

2025 யூலை 24ஆம் நாள் கைச்சாத்தான சட்டம், பொது ஒளிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கென இரு ஆண்டுகளுக்கு முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 110 கோடி டொலரை மீளப்பெற்றது. 1969 இல் ஆறு நிமிடப் பேச்சினாலே காக்கப்பட்ட அக்கூட்டுத்தாபனம், 2025 ஒகஸ்ற் 1ஆம் நாள் தன் பணிகளை முடிவுறுத்தப்போவதாக அறிவித்தது. இம்முறை இளகுவதற்கு ஒரு பஸ்ரோர் இருக்கவில்லை. ஆள்பவனின் நன்மனத்திலே கட்டப்பட்டது, ஆள்பவன் மாறும்போது சரியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் யாவும் மீண்டும் 1954 இன் நிலைக்குத் தள்ளப்பட்டன: வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டவேண்டிய நிலை.

இந்நிலையிலேதான் பழைய வினா புதிய கூர்மையுடன் எழுகின்றது. கதவைத் தட்டுவோர் எதைக் கேட்கப்போகின்றனர்? பணத்தை மட்டும் கேட்பாராயின், அவர் கேட்பது தருமம். தருமம் கொடுப்பவன் விரும்பும்வரை தொடரும். அவன் ஊரைவிட்டுச் சென்றால் நின்றுவிடும். பணத்தோடு பொறுப்பையும் கேட்டு, அதற்கீடாக வாக்கையும் அளிப்பாராயின், அவ்வூரவர் நிலையத்தைத் தம்முடையதாகக் காப்பர். 16ஆம் அலைவரிசைக்காகப் போராடியோரை இடையூறு செய்வோராக அன்றி உரியவராக நிலையம் அன்றே நோக்கியிருப்பின், இன்று அதனைச் சூழ நிற்கும் அரண் வலிமை மிக்கதாயிருந்திருக்கும்.

பிற்ஸ்பேர்க் நிலையத்தின் சிறந்த படைப்புகள் யாவும் மக்கள் திரையினுள் நுழைய இடமளித்த வேளைகளிலேயே தோன்றின. மீனைப் பற்றிக் கவலையுற்ற சிறுமி, வீடமைப்பைப் பற்றிப் பேசிய ஹில் பகுதியார், பழைய சுருளைத் தேடியெடுத்துக் கொடுத்த ஆலைத் தொழிலாளி என்போர் அந்நிலையத்தை வெறும் பார்வையாளராக நின்று பார்க்கவில்லை. அதனை ஆக்குவதில் பங்குகொண்டனர். கலையை ஆக்குவதில் அவருக்கு வழங்கப்பட்ட இடம், நிலையத்தை ஆள்வதில் வழங்கப்படவில்லை. அயலவர் எனும் அன்புச் சொல்லை எழுபதாண்டுகளாக உலகுக்குக் கற்பித்த அந்நிலையம், உரியவர் எனும் சொல்லையும் உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு கற்றுக்கொள்ளும் நாளிலேதான் அதன் பெயரிலுள்ள மூன்று எழுத்துக்களும் முழுப்பொருள் பெறும்.